ஆடிக் கறக்கிற கிருமி

ஏலே பேராண்டி, எதுக்கெடுத்தாலும் ‘அது என் ஜீன்லயே இருக்கு தாத்தா’ன்னு ஒரு பேச்சு பேசுதியே, அது என்னடே பேச்சு? காலையில பத்து மணிக்கு எந்திரிச்சா ஜீன். அப்பனை எதுத்துப் பேசினா ஜீன். கணக்குல கோட்டை விட்டா அதுவும் ஜீன். எச்சியை ஒரு டப்பாவுல துப்பி, அதைக் கூரியர்ல அனுப்பி, கூடவே ரூவாயும் கட்டி, கடைசியில என்னத்த வாங்கின? ‘இவருக்குக் கொத்தமல்லி வாடை ஒத்துக்காது’ன்னு ஒரு தாளு. உங்க ஆச்சிகிட்ட கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லிருப்பாளே! பால்குடி மறந்த நாள்ல இருந்து ரசத்துல கெடக்கிற இலையைப் பொறுக்கிப் பொறுக்கி எறிஞ்சவம்லா நீ.

ஜீன் இருக்குங்கியா? இருக்கட்டும். நான் இல்லங்கல. இருந்தா மட்டும் ஆச்சா? எப்ப எடுக்கணும், எப்ப மூடி வைக்கணும்னு தெரிய வேண்டாமா? அந்த வெவரத்துல உன்னைவிட, என்னைவிட, உன் எச்சியை வாங்கி வச்சிருக்கிற கம்பெனிக்காரனைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான். நாய்க் காதுல, மாட்டுத் தொடையிடுக்குல ஒட்டிக்கிட்டுத் தொங்குதே உண்ணி, அது வயித்துக்குள்ள இருக்கான். பாக்டீரியாங்கானுவ. கண்ணுக்குத் தெரிய மாட்டான். சோலியில மட்டும் மன்னன்.

நீ பால் கறந்து பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப் போற. பாக்கெட்டைக் கத்தரிக்கோலால வெட்டித்தான் பாலைப் பாத்திருப்ப. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு எங்க காலத்துச் சொல்லு ஒண்ணு உண்டு. பாட்டுக்குப் பாலு விடுற மாட்டுகிட்ட போயி ஆட்டம் போட்டா என்ன கிடைக்கும்? ஒதை கிடைக்கும். இந்த உண்ணிக் கிருமி எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல. ஆனா இந்தப் பாடத்துல நூத்துக்கு நூறு.

கெழவனுக்கு இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. கண்ணாடியை மாட்டினா எனக்கும் படிக்கத் தெரியும். உன்னை மாதிரி தலைப்பை மட்டும் படிச்சிட்டு அடுத்தவனுக்கு அனுப்பி வைக்கத்தான் தெரியாது.

அவன் பாட்டைக் கொஞ்சம் கேளு. அவனுக்கு ரெண்டு வீடு. ஒண்ணு உண்ணி உடம்பு. அங்க அடுப்பே கிடையாது. வெளிய என்ன குளிரோ உள்ளயும் அதே குளிரு. சாப்பாடும் நெனைச்ச நேரத்துக்கு வராது. அமெரிக்காவுல மான் உண்ணின்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருச ஆயுசு. குஞ்சு, இளசு, முத்தல்னு மூணு பருவம். பருவத்துக்கு ஒரு வேளைதான் ரத்தம். மூணே வேளைச் சாப்பாட்டுல ஆயுசையே ஓட்டிருது. நீ என்னடான்னா சாப்பாடு கொண்டு வார பையன் பத்து நிமிசம் பிந்தினா அவனுக்கு ஒத்த ஸ்டாரு போடுத. அப்படிப்பட்ட பட்டினி வீட்டுலதான் நம்ம கிருமி மாசக்கணக்கா முணங்காமக் கெடக்கான்.

இன்னொரு வீடு எலி, மானு, மாடு, நாய், மனுசன். அங்க எந்நேரமும் 37 டிகிரி, சில உடம்புல அதுக்கும் மேல. ஆனா காவலும் பலமா இருக்கு. அந்நியன் எவன் வந்தான்னு பாக்குறதுக்குன்னே வெள்ளையணுக்கள் சுத்திக்கிட்டுத் திரியுது. கிருமியோட மேல்தோல்ல என்ன புரோட்டீன் நீட்டிக்கிட்டு இருக்குன்னு தடவிப் பாக்கும். பாத்து வச்சிக்கிட்டு, அந்தப் புரோட்டீனுக்குன்னே எதிர்ப்பொருளைச் செஞ்சு எறியும். இந்த ரெண்டு வீட்டுக்கும் ஒரே நடத்தை ஆகுமா? நீயே சொல்லு.

இப்ப ஒரு ஊர்க் கதை. அமெரிக்காவுல கனெக்டிகட்னு ஒரு மாநிலம். அங்க லைம்னு ஊரு. 1975 வாக்குல அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முட்டி வீங்குது. ஒரு பிள்ளை ரெண்டு பிள்ளைன்னா விதிம்பான். தெருவுக்கு நாலு பிள்ளைன்னா? டாக்டர்மாரு ஆளுக்கொண்ணு சொன்னானுவ. பாலி மரேன்னு ஒரு அம்மா. டாக்டருக்குப் படிச்சவ இல்ல. யாரு வீட்டுல யாருக்கு என்ன வந்துச்சுன்னு எழுதி எழுதி வச்சா. சுகாதார ஆபீஸுக்கும் சொன்னா. பொறவு யேல் பல்கலைக்கழகத்துல இருந்து ஆலன் ஸ்டீர்னு ஒரு டாக்டரு வந்து பாத்து, 1977ல இது தனி நோய்தான்னு எழுதினாரு. பட்டம் படிச்சவன் தலையைச் சொறிஞ்சிக்கிட்டு நின்னப்ப, ஒரு தாய்க்காரி நோட்டுப் புஸ்தகத்தை வச்சுக் கண்டுபிடிச்சது இது. இதை நீ உன் ‘டேட்டா சயின்ஸ்’ வாத்தியார்கிட்டயும் சொல்லு.

காரணம் என்னன்னு அப்பவும் தெரியல. மொண்டானா மாநிலத்துல ஹாமில்டன்னு ஒரு ஊரு. அங்க உண்ணியை ஆராயுறதுக்குன்னே ஒரு ஆய்வுக்கூடம். வில்லி பர்க்டார்ஃபர்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரரு அங்க உண்ணி வயித்தைக் கீறிப் பாக்குறதையே சோலியா வச்சிருந்தாரு. 1981ல நியூயார்க் பக்கத்துத் தீவுல இருந்து வந்த உண்ணியை அறுத்து, வேற ஒரு காய்ச்சலோட கிருமியைத் தேடினாரு. தேடினது கிடைக்கல. சுருள் சுருளா நெளியுற வேற ஒருத்தன் மாட்டினான். லைம் பக்கத்துப் பிள்ளைக முட்டியை வீங்க வச்சவன் இவன்தான்னு அடுத்த வருசம் உலகத்துக்குச் சொன்னாரு. அந்தக் கிருமிக்கு பொரேலியா பர்க்டார்ஃபெரின்னு அவரு பேரையே வச்சிட்டானுவ. நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பேரு வைப்போம். அங்க கிருமிக்கு வைக்கான். அவரு சந்தோசப்பட்டாருன்னுதான் நெனைக்கேன். படிச்சவன் எதுக்குச் சந்தோசப்படுவான்னு யாருக்குத் தெரியும்?

பொறவுதான் வேடிக்கை. இந்தப் பொரேலியா பய உண்ணியோட குடல்ல குந்தியிருக்கையில மேல்தோல்ல ‘ஓஸ்ப் ஏ’ங்கிற புரோட்டீனை வரிசையா நிறுத்தி வச்சிருக்கான். எதுக்கு? உண்ணிக் குடல் சுவத்துல அதைப் பிடிச்சுக்கிடுற மாதிரி ஒரு புரோட்டீன் இருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிடும். ஒட்டாட்டி உண்ணி வெளித்தள்ளுறப்ப இவனும் போயிருவாம்லா? ஆக ஏ புரோட்டீன் உண்ணிக்கு ஆடுற ஆட்டம்.

உண்ணி ஒரு நாள் எலி மேலயோ மனுசன் மேலயோ ஏறிக் கடிக்குது. சுடச்சுட ரத்தம் உள்ள இறங்குது. அவ்வளவுதான். பயலுக்குத் தகவல் போயிருச்சு. ஏ புரோட்டீன் செய்யுறதைக் குறைக்கான். ‘ஓஸ்ப் சி’ங்கிற வேற புரோட்டீனை எடுத்து வெளிய வைக்கான். அதே ஹாமில்டன் ஆய்வுக்கூடத்துல டாம் ஷ்வான்கிறவரும் அவரு கூட்டாளிகளும் 1995ல இதைக் காட்டினாங்க. பட்டினி உண்ணிக்குள்ள சி இல்ல; ரத்தம் குடிச்ச உண்ணிக்குள்ள சி இருக்கு. குப்பியில 24 டிகிரியில வளத்தா சி வரல. 32, 37னு சூடு ஏத்தினா வருது. சூடு மட்டுமில்ல, புளிப்புக் காரம் மாறுறதையும் பய மோந்து பாக்கான். சி புரோட்டீனை வச்சு என்ன பண்ணுதான் தெரியுமா? உண்ணி எச்சியில ஒரு புரோட்டீன் இருக்கு, கடிபட்ட ஆளோட எதிர்ப்பை மந்தமாக்குறதுக்கு. அதைத் தன் சி மேல பூசிக்கிட்டு உள்ள வாரான். உண்ணி தனக்குன்னு செஞ்சது. இவன் ஓசியில எடுத்துக்கிட்டான். ஊர்ல இப்படி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!

இதுல இன்னொரு கூத்து உண்டு. சி புரோட்டீனை நம்ம உடம்பு கொஞ்ச நாள்ல அடையாளம் கண்டுக்கிடும். கண்டுக்கிட்டுன்னு தெரிஞ்ச உடனே பய அந்தப் பாட்டையும் நிறுத்திருதான். பொறவு ‘விஎல்எஸ்இ’ன்னு இன்னொண்ணு. அதுக்குப் பக்கத்துல ஊமையா 15 துண்டு ஜீன் கெடக்கு. அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டி ஒட்டி, நேத்து இருந்தது இன்னைக்கு இல்லங்கிற மாதிரி மாத்திக்கிட்டே இருக்கான். உடம்பு ஒரு எதிர்ப்பொருளைச் செஞ்சு முடிக்கையில அவன் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பான்.

இத்தனைக்கும் அவன் ஜீன் சொத்து எம்புட்டுன்னு நெனைக்க? உனக்கு 300 கோடி எழுத்து. அவனோட பெரிய நூலுல 9 லட்சத்துச் சொச்சம். அது போக சில்லறைத் துண்டுகள் ஒரு இருபது. 1997ல மொத்தத்தையும் வாசிச்சிட்டோம்னு ஆராய்ச்சிக்காரங்க கொண்டாடினாங்க. கொண்டாடட்டும், பெரிய வேலைதான். ஆனா பட்டியலைக் கையில வச்சிருந்தா மட்டும் எவன் எப்ப எந்திரிச்சு வேலைக்கு வாரான்னு தெரிஞ்சிருமா? அதே பட்டியல்தான் உண்ணிக்குள்ளயும் இருக்கு. அதே பட்டியல்தான் எலிக்குள்ளயும் இருக்கு. அந்த விஎல்எஸ்இ வெட்டு ஒட்டைத் தவிர ஒரு எழுத்து மாறல. ஆளு மட்டும் வேற ஆளா நிக்கான். அதனாலதான் கேக்கேன், உன் தாளைப் பாத்து உன்னை எவன்டே தெரிஞ்சிக்கிடுவான்?

ஒரு விசயத்துல மட்டும் எனக்கு அவன் மேல மதிப்பு. அநேகமா எந்த உசிரும் இரும்புச் சத்துக்கு அடிச்சுக்கிடும். நம்ம உடம்பும் தந்திரமா, கிருமி வந்தா இரும்பை ஒளிச்சு வச்சிரும். பசியில சாவட்டும்னு. இந்தப் பொரேலியா என்ன சொல்லிட்டான்? உன் இரும்பு எனக்கு வேண்டாம்யா, நான் மாங்கனீசை வச்சு ஓட்டிக்கிடுதேன்னுட்டான். 2000ல கண்டுபிடிச்சாங்க. இல்லாததைக் கேட்டு அழுகாம, இருக்கிறதை வச்சு ஓட்டுறவனை எந்தக் கொம்பனும் பட்டினி போட முடியாது.

இப்ப தடுப்பூசிக் கதை. இதைக் கேட்டா நீ சிரிப்ப. 1998 டிசம்பர்ல இந்தப் பொரேலியா நோய்க்கு லைம்ரிக்ஸ்னு ஒரு தடுப்பூசிக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. கிட்டத்தட்ட 11,000 பேரை வச்சுச் சோதிச்சது. மூணு ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு 76 பங்கு நோயைத் தடுத்துச்சு. அது எந்தப் புரோட்டீனுக்கு எதிரா செஞ்ச ஊசி? ஏ புரோட்டீனுக்கு! நீ கேப்ப, மனுசனுக்குள்ள வந்ததும் அவன் ஏ புரோட்டீனைத்தான் மூடி வச்சிருதானே, பொறவு அந்த ஊசி யாரை அடிக்கும்னு. பலே, இப்பத்தான் நீ என் பேரன்.

அங்கதான் இருக்கு சூச்சுமம். ஊசி போட்ட மனுசனோட ரத்தத்துல ஏ புரோட்டீனுக்கு எதிரி சுத்திக்கிட்டு இருக்கான். உண்ணி வந்து கடிக்குது. ரத்தத்தை உறிஞ்சுது. ரத்தத்தோட சேந்து அந்த எதிரியும் உண்ணி வயித்துக்குள்ள போறான். அங்க பய இன்னும் பழைய ஆட்டத்துலதான் இருக்கான். பாட்டுக்கு மாறுறதுக்கு முன்னால அங்கயே முடிஞ்சான் கதை. ஊசி மனுசன் கையில. வைத்தியம் உண்ணி வயித்துல! எவனோ ஒருத்தன் அவன் எங்க இருக்கையில எப்படி இருப்பான்னு ஒழுங்கா யோசிச்சிருக்கான். அவனுக்கு ஒரு சொம்பு மோரு குடுக்கலாம்.

ஆனா பாரு, 2002 பிப்ரவரியில கம்பெனியே அதை நிறுத்திட்டான். மூட்டு வலி வருதுன்னு சனங்க பயந்தாங்க, வழக்குப் போட்டாங்க. அரசாங்கம் பாத்த வரைக்கும் ஊசிதான் காரணம்னு நிரூபணம் ஆகல. ஆனா வாங்க ஆளு இல்ல. இன்னைக்கும் அங்க நாய்க்கு இந்த மாதிரி ஊசி இருக்கு, மனுசனுக்கு இல்லாமப் போச்சு. நாய் பேப்பர் படிக்காதுலா, அதனால தப்பிச்சுது. 2022ல புதுசா ஒரு ஏ புரோட்டீன் ஊசியைப் பெரிய அளவுல சோதிக்க ஆரம்பிச்சாங்க. சுத்திச் சுத்தி அதே உண்ணி வயித்துக்குத்தான் வந்து நிக்கானுவ.

கிருமி இப்படி ஆளு மாறுறது இப்பத்தான் தெரிஞ்சுதான்னா, அதுவும் இல்ல. அதே மொண்டானா பக்கம் பிட்டர்ரூட் பள்ளத்தாக்குல புள்ளிக் காய்ச்சல்னு ஒரு கொடுங்காய்ச்சல். ரிக்கெட்சியான்னு வேற கிருமி. 1920கள்ல ஸ்பென்சர், பார்க்கர்னு ரெண்டு பேரு உண்ணியை அரைச்சுச் சீமைப்பெருச்சாளிக்கு ஊசி போட்டுப் பாத்தாங்க. குளிர்ல பட்டினி கெடந்த உண்ணியை அரைச்சுப் போட்டா பெருச்சாளிக்கு நோய் வரல. அதே கூட்டத்து உண்ணிக்கு ரத்தம் குடுத்து அரைச்சா நோய் போட்டுத் தாக்குது. சும்மா கதகதப்புல வச்சாலே போதும், பல்லு முளைச்சிருது. ஜீனும் தெரியாது, புரோட்டீனும் தெரியாது அந்தக் காலத்துல. ஆனா ‘சாப்பிடுறதுக்கு முந்தி ஒரு ஆளு, சாப்பிட்ட பொறவு ஒரு ஆளு’ங்கிறதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. பொறவு உண்ணியை அரைச்சுக் கார்பாலிக் அமிலத்துல போட்டு ஒரு தடுப்பூசி செஞ்சாங்க. 1924ல மொத ஊசியை ஸ்பென்சர் யாருக்குப் போட்டாரு? தன் கையில தானே போட்டுக்கிட்டாரு. இப்ப ஒரு களிம்பு வித்தாக்கூட மொதல்ல யாரோ ஒரு நடிகை மூஞ்சியிலதான் பூசுதானுவ.

சரி, பொரேலியா நம்ம உடம்பு அணுவுக்கு, அதாவது செல்லுக்கு, வெளியவே திரியுறவன். அணுவுக்குள்ளயே நொழைஞ்சு குடியிருக்கிறவன் கதைக்கு வா. எர்லிக்கியா சாஃபீன்சிஸ். அர்கன்சாஸ் மாநிலத்துல சாஃபீன்னு ஒரு ராணுவ முகாம்; அங்க இருந்த ஒரு ஆளோட ரத்தத்துல இருந்து 1990 வாக்குல பிரிச்சு எடுத்தது, அதான் இந்தப் பேரு. முதுகுல ஒத்த வெள்ளைப் புள்ளி உள்ள உண்ணி கொண்டு வருது. மான்கிட்ட தங்கல். மனுசனுக்குள்ள வந்தா எங்க போயி உக்காருதான் தெரியுமா? கிருமியைப் பிடிச்சுத் தின்னுறதுக்குன்னே இருக்கே வெள்ளையணு, அதுக்குள்ள. துணிச்சலைப் பாத்தியா?

இவன்கிட்ட மேல்தோல் புரோட்டீனுக்கு 22 ஜீன் வரிசையா நிக்குது. ஒண்ணை ஒண்ணு உரிச்சு வச்ச மாதிரி ஒரே சாடை. கேன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2005, 2006ல உக்காந்து பாத்தாங்க. ஒரு பக்கம் நாயோட வெள்ளையணுவைக் குப்பியில வளத்து அதுக்குள்ள இவனை விட்டாங்க. இன்னொரு பக்கம் உண்ணியோட அணுவைக் குப்பியில வளத்து அதுக்குள்ள விட்டாங்க. உண்ணி அணுவைக் குப்பியில வளக்கிறது லேசுப்பட்ட சோலி இல்ல. மினசோட்டாவுல ஒரு கூட்டம் உண்ணி முட்டைக் கருவுல இருந்து வருசக்கணக்கா பாடுபட்டு எடுத்தது. இந்தப் பொறுமையை மட்டும் நீ கவனிச்சுக்கோ, வேற எதையும் கவனிக்காட்டியும் பரவாயில்ல.

என்ன தெரிஞ்சுது? வெள்ளையணுக்குள்ள இருக்கையில 19ஆம் நம்பர், 20ஆம் நம்பர் புரோட்டீன்தான் முக்கியமா வெளிய வருது. உண்ணி அணுக்குள்ள 14ஆம் நம்பர் மட்டும். 22 இருக்கு, ஆனா எடுக்கிறது ஒண்ணோ ரெண்டோ. நீ ஒரு சிலம்பம் கத்துக்கிட்டு வந்தாப் போதும், கல்யாண வீட்டுலயும் கம்பு சுத்துத, கருமாதி வீட்டுலயும் கம்பு சுத்துத, வீடியோ வேற எடுத்துப் போடுத. அவன் மிச்ச ஜீனையெல்லாம் பொத்தி வச்சுக்கிட்டுச் சத்தமே இல்லாம இருக்கான். இன்னொரு விசயம்: அவனைக் கொண்டு வார உண்ணியோட அணுன்னாலும் சரி, கொண்டு வராத வேற சாதி உண்ணியோட அணுன்னாலும் சரி, அதே 14தான். உண்ணின்னு தெரிஞ்சாப் போதும் அவனுக்கு.

இதுல படிச்சவங்க கோட்டை விட்ட இடம் ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா எர்லிக்கியாவை வெள்ளையணுவுல 37 டிகிரியில வளத்து, அதை எலிக்குப் போட்டுத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எலியும் அதைச் சட்டுனு ஒழிச்சிருது. ஆனா நெசத்துல ஒரு ஆளுக்கு நோய் எங்க இருந்து வருது? குப்பியில இருந்தா வருது? உண்ணியில இருந்துலா வருது! வரும்போது உண்ணிக்கு ஆடுற ஆட்டத்தோடதான வருவான்? உண்ணி அணுவுல வளத்த கிருமியை எலிக்குப் போட்டுப் பாத்தாங்க, 2007ல எழுதினாங்க. அந்தக் கிருமியை ஒழிக்க எலிக்குக் கூடுதல் நாளாச்சு. எலி அதை எதுத்த விதமும் வேறயா இருந்துச்சு. அதே கிருமிதான். எந்த வீட்டுல இருந்து கிளம்பி வந்தாங்கிறதுதான் வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதுதான், நான் மறுக்கல. ஆனா ‘எங்க இருந்து வாரான்’னு கேக்குறதுக்கு ஆய்வுக்கூடம் எதுக்கு? எங்க ஊர்ல புது ஆளு வந்தா முதக் கேள்வியே அதுதானடே.

வெள்ளையணுவுல இன்னொரு வகைக்குள்ள குடியிருக்கிற அனாபிளாஸ்மா ஃபேகோசைட்டோஃபிலம்னு ஒருத்தன் இருக்கான். பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள பல்லு சுளுக்கிரும். அவன்கிட்ட ஒரே சாடை ஜீன் நூத்துக்கு மேல. 2008ல அவனை மனுச வெள்ளையணு, மனுச ரத்தக்குழாய்ச் சுவர் அணு, உண்ணி அணுன்னு மூணுலயும் விட்டுப் பாத்தாங்க. உண்ணிக்கு ஒண்ணு மனுசனுக்கு ஒண்ணுன்னுகூட நிக்கல. மனுசனுக்குள்ளயே இந்த அணுவுக்கு ஒரு ராகம், அந்த அணுவுக்கு ஒரு ராகம். அது மட்டுமா? 2010ல யேல்ல ஒரு சேதி சொன்னாங்க. இவன் குடியிருக்கிற உண்ணி, பனியில உறையாம இருக்கிறதுக்கு ஒரு புரோட்டீனைக் கூடுதலாச் செய்யுதாம். இவன்தான் செய்ய வைக்கான். உண்ணி பொழைச்சாத்தான இவனுக்கு வண்டி ஓடும்? வாடகை வீட்டுக்கு ஒரு ஆணி அடிக்கவே நீ வீட்டுக்காரனோட சண்டை பிடிக்க. இவன் வீட்டுக்காரனுக்கே கம்பளி வாங்கிப் போடுதான்.

நம்ம பக்கம் இதெல்லாம் இல்லன்னு மட்டும் நெனைச்சிராத. அனாபிளாஸ்மா மார்ஜினேல்னு இவனோட பங்காளி நம்ம மாட்டுத் தொழுவத்துலயே இருக்கான். ஆர்னால்டு தைலர் தென்னாப்பிரிக்காவுல 1910ல கண்டு சொன்னாரு. மாடு காய்ச்சல்ல படுத்துரும், ஈறு வெளுத்து, கண்ணு மஞ்சப் பூக்கும். மூத்திரம் ரத்தமாப் போனா அது வேற உண்ணி நோய், மயங்கிராத. இவன் சிவப்பணுக்குள்ள குந்திக்கிட்டு, மேல்தோல் புரோட்டீனைச் சில வாரத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி, பொழைச்ச மாட்டுக்குள்ளயும் ஆயுசுக்கும் இருந்துருவான். உண்ணிக்குள்ள போயிட்டா அந்தச் சில்மிசமெல்லாம் கொறைஞ்சு, ரெண்டொரு வகையோட அடங்கிக்கிடுவான். அங்க ஏமாத்த ஆளு இல்லாதப்ப எதுக்கு வீண் செலவு? உங்க சித்தப்பன் சீமை மாடு வாங்கி உண்ணிக்கே தீவனம் போட்டான். திமிலு வச்ச நாட்டு மாட்டுல உண்ணி அம்புட்டுச் சுளுவா ஏறாது. சொன்னேன். கேக்கல.

நாய்க்கு எர்லிக்கியா கேனிஸ். பழுப்பு உண்ணிதான் வண்டி. 1935ல அல்ஜீரியாவுல பிரெஞ்சுக்காரங்க கண்டுபிடிச்சது. வியட்நாம் சண்டையில அமெரிக்கப் பட்டாளத்து நாய்கள் நூத்துக்கணக்குல மூக்குல ரத்தம் ஒழுகிச் செத்தது இவனாலதான். துப்பாக்கிக்குத் தப்பின நாய் உண்ணிக்குத் தப்பல. இவனும் சாஃபீ பங்காளி மாதிரியே வெள்ளையணுக்குள்ள ஒண்ணு, உண்ணி அணுக்குள்ள இன்னொண்ணுன்னு வைக்கான். ராஜபாளையம் நாய்க்கும் வரும், ஏசி அறையில சட்டை போட்டுப் படுக்க வச்சிருக்கியே ஹஸ்கி, அதுக்கும் வரும். பனி நாட்டு நாயை இந்த வெயிலுக்குக் கொண்டு வந்து வச்சிக்கிட்டு, அது எளைக்குதுன்னு என்கிட்ட வந்து சொல்லுத. கிருமிக்கு இருக்கிற இடவாகு புத்திகூட உனக்கு இல்லியே, சவத்து மூதி!

ஆபீஸ்ல உங்களுக்கு ‘சூழலுக்கு ஏத்தாப்ல மாறுவது எப்படி’ன்னு ரெண்டு நாள் வகுப்பு வச்சானுவளாமே. அஞ்சு நட்சத்திர ஓட்டல்ல. வட்டமா உக்காரச் சொல்லி, பந்தை எறிஞ்சு விளையாடச் சொன்னானுவளாமே. அதுக்குத் தலைக்கு எம்புட்டுன்னு நீ சொன்னப்ப எனக்கு ஒரு பசு மாடு வாங்குற கணக்குதான் ஓடிச்சு. அதையெல்லாம் இப்ப விடு. நான் சொல்லுத சோலியைச் செய்.

சாயங்காலம் நாயைக் கொஞ்சுதியே, அதுக்கு முன்னால காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில தடவிப் பாரு. காடு மேடுன்னு போயிட்டு வந்தா உன் உடம்பையும் பாரு. பொரேலியா பய ஆட்டத்தை மாத்தி, பெருகி, உண்ணி குடல்ல இருந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர சாதாரணமா 36ல இருந்து 48 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உண்ணியை எடுத்துட்டா அவன் ஏறப் பாத்த வண்டி போயிருச்சு. ஆனா எல்லாவனும் அப்படிக் காத்துக்கிட்டு இருக்க மாட்டான். புள்ளிக் காய்ச்சல் கிருமிக்குச் சில மணி நேரமே போதும். அதனால பாத்த உடனே எடு. மண்ணெண்ணெய் ஊத்தாத, ஊதுபத்தியால சுடாத, விரலால நசுக்காத. எங்க காலத்துல அப்படித்தான் செஞ்சோம், அது சரியில்ல. சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம நேரா இழு. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவு. சில வாரத்துக்குள்ள காய்ச்சலோ தடிப்போ வந்தா டாக்டர்கிட்ட போ. உண்ணி கடிச்ச நாளையும் இடத்தையும் அவரு கேக்கதுக்கு முன்ன நீயே சொல்லு. டாக்ஸிசைக்ளின்னு பழைய மாத்திரை ஒண்ணு இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா நான் இம்புட்டு நேரம் சொன்ன பயலுவ அத்தனை பேரும் அதுக்கு அடங்கிருவானுவ.